பந்து ஏன் தரைக்கு வரவில்லை? உயரக் கணக்கில் விடை தப்பினால் எங்கே தேடுவது

என் டியூஷனில் பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஒரே பாயில்தான் உட்காருவார்கள். பத்தாவது பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாடு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கணக்கில் "ஒரு பந்து மேலே எறியப்படுகிறது" என்று ஒரு வரி வந்துவிட்டால் பேனா நின்றுவிடும். பதினொன்றாவது பிள்ளைகள் எறிபொருள் இயக்கத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். காரணிப்படுத்தச் சொன்னால் மின்விசிறியைப் பார்ப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கும் இயற்பியல் புத்தகத்துக்கும் நடுவில் விழுந்து கிடக்கும் சமாச்சாரம் இது. அதனால்தான் தப்பும் அதிகம்.

பல வருடங்களாக நோட்டு திருத்தியதில் ஒன்று புரிந்தது. இந்தக் கணக்கில் தப்பான விடைகள் கண்டபடி வருவதில்லை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் உண்டு. விடையைப் பார்த்தாலே எந்த வரியில் சறுக்கினார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்: என்ன வந்தது, ஏன் வந்தது, எதைத் திருத்துவது.

முதலில் ஒரு பந்து. கடைசி வரைக்கும் இதே பந்துதான்.

15 மீட்டர் உயர மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். அது எப்போது தரையைத் தொடும்?

உயரத்துக்கு உ, நேரத்துக்கு ந என்று வைத்துக்கொள்கிறேன். (உ என்று எழுதித் தொடங்கினால் பிள்ளையார் சுழியும் போட்டாயிற்று.)

உ = 15 + 10ந − 5ந²

15 என்பது புறப்பட்ட இடத்தின் உயரம். 10 என்பது எறிந்த வேகம். மேல்நோக்கி, அதனால் பிளஸ். 5 என்பது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி. கீழ்நோக்கி இழுப்பதால் மைனஸ். முடுக்கம் உண்மையில் 9.8, மனக்கணக்குக்கு வசதியாக 10 என்று எடுத்திருக்கிறேன். தரை என்றால் உ = 0. முழுவதையும் −5-ஆல் வகுத்தால் ந² − 2ந − 3 = 0. அதாவது (ந − 3)(ந + 1) = 0. விடை 3 விநாடி. உச்சியைத் தொடுவது 1-ஆவது விநாடி முடிவில், 20 மீட்டரில்.

தீர்க்கத் தொடங்கும் முன் சமன்பாட்டுக்கு நாடி பார்த்துவிடுங்கள். அரை நிமிடம் போதும். ந-க்கு 0 போடுங்கள், 15 வரவேண்டும். 0.1 போடுங்கள், 15-ஐ விடக் கொஞ்சம் கூட வரவேண்டும், ஏனென்றால் பந்து மேலேதானே கிளம்பியது (15.95 வரும்). அப்புறம் 10 போடுங்கள், பெரிய மைனஸ் எண் வரவேண்டும் (−385 வரும்). 385 மீட்டர் பூமிக்குள் பந்து போகாது, தெரியும். பந்து எப்போதோ தரையைக் கடந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் மேற்கொண்டு தீர்ப்பது வீண்.

ரூட்டுக்குள் மைனஸ் வருகிறது

போன வருடம் ஒரு பெண் நோட்டை நீட்டினாள். அந்தப் பக்கம் ரப்பர் போட்டுப் போட்டுத் தேய்ந்து மறுபக்கம் தெரிந்தது.

"சார், நாலு தடவை போட்டுட்டேன். ரூட்டுக்குள்ள மைனஸ் 8 வருது. மெய் மூலங்கள் இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"பந்து கீழே வரவே இல்லையாம்மா?"

"கணக்குப்படி வரலை சார்."

"மாடியில போய் எறிஞ்சு பாத்தா?"

சிரித்தாள். அப்புறம் முதல் வரிக்குப் போனாள். 15 + 10ந + 5ந² என்று எழுதியிருந்தாள். புவியீர்ப்பு பந்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. ந-க்கு 10 போட்டிருந்தால் 615 மீட்டர் என்று வந்திருக்கும், அப்போதே தெரிந்திருக்கும். தீர்க்கும் வேலையை நான்கு தடவையும் பிசகாமல் செய்திருந்தாள் என்பதுதான் பாவம். தப்பான சமன்பாட்டை எத்தனை முறை சரியாகத் தீர்த்தாலும் அதே மைனஸ் 8-தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், இதே மைனஸ் 8 இன்னொரு வழியிலும் வரும். சில பிள்ளைகள் மாடியையே பூச்சியமாக வைத்துக்கொள்வார்கள். அது தப்பில்லை; உ = 10ந − 5ந² என்று எளிதாகவே ஆகும். ஆனால் அப்போது தரை எங்கே இருக்கிறது? மாடிக்குக் கீழே 15 மீட்டர், அதாவது −15. பிள்ளைகள் 15 என்று போட்டுவிடுவார்கள். 10ந − 5ந² = 15 என்றால் ந² − 2ந + 3 = 0; தன்மைகாட்டி, அதாவது ரூட்டுக்குள் வரும் எண், 4 − 12 = −8. அவர்கள் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: பந்து மாடிக்கு மேலே 15 மீட்டரை எப்போது தொடும்? மாடிக்கு மேல் 5 மீட்டர் மட்டுமே போகும் பந்தைப் பார்த்து இதைக் கேட்டால் சமன்பாடு வேறென்ன சொல்லும்?

திருத்தம்: நோட்டின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, எது பூச்சியம், எந்தப் பக்கம் பிளஸ் என்று குறித்துவிடுங்கள். கிணற்றுக்குள் கல் போடும் கணக்கிலும் இதே சங்கடம்தான். கிணற்றின் வாய் பூச்சியம் என்றால் தண்ணீர் மைனஸில் இருக்கும்.

இதை எல்லாம் சரிபார்த்த பிறகும் ரூட்டுக்குள் மைனஸ் வந்தால்? அப்போது நம்புங்கள். "பந்து 25 மீட்டர் உயரத்தை எப்போது அடையும்?" என்று கேட்டிருந்தால் ந² − 2ந + 2 = 0, தன்மைகாட்டி −4. உச்சியே 20 மீட்டர். பந்து அந்த உயரத்துக்குப் போகவே போகாது. "அடையாது" என்பதே விடை. அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "மெய் மூலங்கள் இல்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பந்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பில் தன்மைகாட்டியை மூன்று வகையாக மனப்பாடம் செய்கிறார்களே, அந்த மூன்றும் இந்த ஒரே பந்தில் இருக்கிறது. 20 மீட்டருக்குக் கீழே எந்த உயரத்தைக் கேட்டாலும் பூச்சியத்தை விடப் பெரிது. சரியாக 20 கேட்டால் பூச்சியம். 20-க்கு மேலே கேட்டால் மைனஸ். தன்மைகாட்டி என்பது "பந்து அங்கே போகுமா?" என்ற கேள்விக்குப் பதில். வகுப்பில் யாராவது இப்படி ஒரு தடவை சொல்லிவிட்டால் மனப்பாடமே தேவையில்லை.

நேரம் மைனஸில் வருகிறது

ஒரு விடை பிளஸ், ஒன்று மைனஸ் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மாடியிலிருந்து எறியும் கணக்கில் அப்படித்தான் வரவேண்டும். 3, −1. மைனஸை அடித்துவிட்டு "நேரம் எதிர்மறையாக இருக்க முடியாது" என்று எழுதுவது வழக்கம். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த −1 அபத்தமான எண் இல்லை, கொஞ்சம் நின்று பாருங்கள்.

பந்தை மாடியிலிருந்து எறியாமல், ஒரு விநாடி முன்னதாகத் தரையிலிருந்து 20 மீ/வி வேகத்தில் யாரோ எறிந்திருந்தால்? ஒரு விநாடியில் 20 − 5 = 15 மீட்டர் ஏறியிருக்கும்; வேகம் 10-ஆகக் குறைந்திருக்கும். அதாவது சரியாக நம் கை இருக்கும் இடத்தை, நாம் எறிந்த அதே வேகத்தில் கடந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பந்துக்கும் வித்தியாசமே தெரியாது. சமன்பாட்டுக்கு மாடி தெரியாது, கை தெரியாது. பரவளையம் இரண்டு பக்கமும் தரையைத் தொடும் இடத்தைச் சொல்கிறது. நம் கதை பூச்சியத்தில் தொடங்குகிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஒதுக்குவதும் நம் வேலை.

சிக்கல் எங்கே என்றால், விடை −3, 1 என்று வரும்போது. எண்கள் அதேதான், அடையாளம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. பிள்ளை −3-ஐ அடித்துவிட்டு 1 விநாடி என்று எழுதியிருப்பான். அவன் எழுதிய சமன்பாடு 15 − 10ந − 5ந². எறிந்த வேகத்துக்கு மைனஸ் போட்டுவிட்டான். அதாவது பந்தைக் கீழ்நோக்கி ஓங்கி அடித்துவிட்டான். கீழே அடித்த பந்து 1 விநாடியில் தரையைத் தொடும், மேலே எறிந்த பந்து 3 விநாடியில். இரண்டும் தரையில் மோதும் வேகம் என்ன தெரியுமா? இரண்டுமே 20 மீ/வி. மேலே போன பந்து திரும்பிக் கை மட்டத்துக்கு வரும்போது 10 மீ/வி வேகத்தில் கீழ்நோக்கித்தான் வருகிறது. அதற்கு மேல் இரண்டும் ஒரே பயணம். இதைப் பலகையில் போட்டுக் காட்டினால் பின்வரிசைப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

இரண்டு விடையுமே மைனஸ் என்றால் நாடி பார்க்கவே இல்லை என்று அர்த்தம். முதல் வரிக்குப் போங்கள்.

இரண்டு விடையும் பிளஸ்

"18.75 மீட்டர் உயரத்தில் பந்து எப்போது இருக்கும்?" என்றால் ந² − 2ந + 0.75 = 0. விடை 0.5, 1.5. எதை எடுப்பது என்று கேட்பார்கள். இரண்டையும்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமானால் கேள்வியில் ஒரு சொல் இருக்கும். "முதன்முதலில்", "திரும்பி வரும்போது", "கீழிறங்கும்போது" என்று எங்காவது ஒளிந்திருக்கும். சில சமயம் சொல் இருக்காது, நிலைமை இருக்கும். 18.75 மீட்டரில் ஒரு கேபிள் டிவி வயர் ஓடுகிறது, பந்து அதில் எப்போது படும் என்றால் 0.5 மட்டும்தான். பட்ட பந்துக்கு 1.5 கிடையாது. மேலே போன பந்து இறங்கி வரும்போது மேல்தளத்தில் ஒருவர் அதைப் பிடிக்கிறார் என்றால் 1.5. "எவ்வளவு நேரம் அந்த உயரத்துக்கு மேலே இருந்தது?" என்றால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி, 1 விநாடி. இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் 1.5 என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

அதிகபட்ச உயரம் விசித்திரமாக வருகிறது

இதில் மூன்று முகம் உண்டு. விடை 1, விடை 5, விடை −4.

விடை 1 என்றால், "மைனஸ் பி பை டூ ஏ" போட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டார்கள் (ஏ என்பது ந²-இன் கெழு, அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண்; பி என்பது ந-இன் கெழு). −10 ÷ (2 × −5) = 1. அது உயரம் இல்லை, உச்சிக்குப் போகும் நேரம். அந்த 1-ஐ எடுத்துச் சமன்பாட்டில் ந இருக்கும் இடத்தில் போட்டால்தான் 20 மீட்டர் வரும். 15 மீட்டர் மாடியிலிருந்து மேலே எறிந்த பந்தின் அதிகபட்ச உயரம் 1 மீட்டர் என்று கூச்சமில்லாமல் எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டிருப்பார்கள்.

விடை 5 என்றால் மாடியிலிருந்து அளந்திருக்கிறார்கள். கேள்வி "தரையிலிருந்து" என்றால் 20, "எறிந்த இடத்திலிருந்து" என்றால் 5. இங்கே கணக்கு தப்பவில்லை, வாசிப்புதான் தப்பியது.

விடை −4 கொஞ்சம் நுட்பமானது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் வரும். தரையைத் தொடும் நேரத்துக்காக −5-ஆல் வகுத்து ந² − 2ந − 3 என்று சுத்தமாக எழுதியிருப்பார்கள். அடுத்த உட்பிரிவு அதிகபட்ச உயரம். கையோடு கையாக அந்தச் சுத்தமான வடிவத்திலேயே ந = 1 போடுவார்கள். 1 − 2 − 3 = −4. பூச்சியத்துக்குச் சமம் என்று எழுதியபோது இரண்டு பக்கமும் −5-ஆல் வகுக்கலாம். பூச்சியத்தை எதால் வகுத்தாலும் பூச்சியம். உயரம் என்ற கோவையை அப்படி வகுத்தால் அது உயரமாக இருக்காது, உயரத்தில் மைனஸ் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். −4-ஐ −5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 20 வந்து நிற்கும். மூலங்களுக்கு வகுத்த சமன்பாடு, உயரத்துக்கு மூலச் சமன்பாடு. நான் முதல் வரியைச் சுற்றிக் கட்டம் போடச் சொல்வது இதற்காகத்தான். எந்த உட்பிரிவு வந்தாலும் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடை பிளஸ்தான், ஆனால் 3 இல்லை

இங்கேதான் எண் தானே வாக்குமூலம் கொடுக்கும். நம் பந்துக்கு வரக்கூடிய தப்பு விடைகள்:

1.82 என்றால் 5-க்குப் பதில் 10 போட்டிருக்கிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி என்பதை மறந்து முழுதாக வைத்துவிட்டீர்கள். இந்தத் தப்புதான் எண்ணிக்கையில் முதலிடம்.

2 என்றால் மாடியை மறந்துவிட்டீர்கள். 10ந − 5ந² = 0. அது பந்து திரும்பிக் கைக்கு வரும் நேரம். இதில் இன்னொரு கூத்தும் நடக்கும்: இரண்டு பக்கமும் ந-ஆல் வகுத்து ஒரே விடை என்பார்கள். ந பொதுக்காரணியாக வெளியே வரவேண்டும், வகுத்துத் தூக்கி எறியக் கூடாது. ந = 0 என்பதும் ஒரு விடைதான்; பந்து கையை விட்ட கணம்.

1.33 என்றால் அமெரிக்கப் பாடத்திலிருந்து 16-ஐ எடுத்திருக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பயிற்சிகளில் பாதி −16ந² என்று இருக்கும். அவர்கள் அடியில் அளக்கிறார்கள். அங்கே முடுக்கம் 32 அடி/வி², பாதி 16. மீட்டர் கணக்கில் அதைக் கலந்தால் சாம்பாரில் பாயசம்.

7.6 என்றால் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தார்கள், நீங்கள் 36-ஐ அப்படியே வைத்துவிட்டீர்கள். 3.6-ஆல் வகுத்தால்தான் 10 மீ/வி. வகுக்காமல் விட்டால் உச்சி கிட்டத்தட்ட 80 மீட்டர். பத்தாம் வகுப்புப் பையன் மாடியில் நின்று சும்மா எறிந்த பந்து தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தாண்டிப் போகிறது என்றால் சந்தேகம் வர வேண்டாமா?

4.65 என்றால் கோணத்தை விட்டுவிட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும்.

ஒரு உபகதை. ந²-இன் கெழுவைப் பார்த்தாலே எந்த ஊர், எந்த அலகு என்று தெரிந்துவிடும். 4.9 அல்லது 5 என்றால் பூமி, மீட்டர். 16 என்றால் பூமி, அடி. 0.81 என்றால் நிலா. அங்கே முடுக்கம் 1.62 மட்டுமே. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் இறகையும் ஒன்றாகக் கைவிட, இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டது அந்த 1.62-இல்தான். நம் பந்தை அங்கே 15 மீட்டரிலிருந்து எறிந்தால் உச்சி ஏறக்குறைய 46 மீட்டர், தரையைத் தொட 13.7 விநாடி.

கோணம் கொடுத்திருக்கிறார்கள், எங்கே வைப்பது?

"15 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீ/வி வேகத்தில், கிடைமட்டத்துக்கு 30 பாகையில்." இதைப் பார்த்ததும் 15 + 20ந − 5ந² என்று எழுதினால் 4.65 விநாடி வரும். உயரக் கணக்குக்குச் செங்குத்துப் பங்கு மட்டும்தான் வேண்டும்: 20 × சைன் 30 = 10. சமன்பாடு திரும்பவும் நம் பழைய 15 + 10ந − 5ந². விடை 3 விநாடி. நேர் மேலே எறிந்த பந்தும் சாய்த்து எறிந்த இந்தப் பந்தும் ஒரே நேரத்தில் தரைக்கு வரும். கிடைமட்ட வேகம் 17.32 மீ/வி, அது பந்தைத் தள்ளிக் கொண்டுபோய்ச் சுமார் 52 மீட்டருக்கு அப்பால் போடும். உயரத்தில் அதற்கு ஒரு பங்கும் இல்லை.

சில கணக்கில் நேரமே இருக்காது. உயரத்தைக் கிடைமட்டத் தூரத்தோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். தூரத்துக்கு தூ என்று வைத்தால், உ = 2 + தூ − 0.05தூ². இது குண்டு எறிதல். 2 மீட்டர் உயரத்தில் கையை விட்டு, 45 பாகையில், ஏறக்குறைய 14 மீ/வி வேகத்தில் எறிந்த குண்டு. உ = 0 என்று வைத்தால் தூ² − 20தூ − 40 = 0; தூ = 10 + √140 = 21.83. இதற்குப் பக்கத்தில் "விநாடி" என்று எழுதாதீர்கள், மீட்டர். −1.83 என்ற இன்னொரு விடை வீரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தஜிந்தர்பால் சிங் தூர் 2023-இல் எறிந்த ஆசிய சாதனை 21.77 மீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தச் சமன்பாடு கற்பனையில் மிதக்கவில்லை என்று தெரியும். உண்மையில் வீரர்கள் 45-க்குக் குறைந்த கோணத்தில்தான் எறிகிறார்கள்; அது வேறு கதை.

காரணிப்படுத்த வரவில்லை, கால்குலேட்டரும் கைவிடுகிறது

9.8 எடுக்கச் சொன்னால் 4.9ந² − 10ந − 15 = 0 என்று ஆகும். இதைக் காரணிப்படுத்த உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். தசமம் வந்ததுமே சூத்திரத்துக்குப் போங்கள்: ந = (−பி ± √(பி² − 4ஏசி)) ÷ 2ஏ. வடக்கே இதை ஸ்ரீதராச்சாரியார் சூத்திரம் என்பார்கள். 628-இல் பிரம்மகுப்தரே இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைச் செய்யுளில் சொல்லிவிட்டார். அவருக்கு அடைப்புக்குறிச் சிக்கல் இல்லை. நமக்கு உண்டு.

10 + √394 ÷ 9.8 என்று போனில் தட்டினால் 12.03 வரும். வகுத்தல் ரூட்டை மட்டும் பிடித்துக்கொள்ளும், 10 தனியாக நின்றுவிடும். (10 + √394) ÷ 9.8 என்று அடைப்புக்குள் போட்டால் 3.05. தாளில் நீளமாக ஒரு கோடு இழுத்து மேலும் கீழும் எழுதுகிறோம். அந்தக் கோடு செய்யும் வேலையைப் போனில் அடைப்புக்குறிதான் செய்யும்.

பின்பக்க விடையில் 3.05, உங்களுக்கு 3 என்றால் நீங்கள் 10 எடுத்தீர்கள், அவர்கள் 9.8 எடுத்தார்கள். 3.06 வந்தால் √394-ஐ 20 என்று முன்கூட்டியே முழுதாக்கிவிட்டீர்கள். இதற்காக ராத்திரி உட்கார்ந்து தேட வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் தூரம் தப்பு என்கிறார்கள்

"மூன்று விநாடியில் பந்து கடந்த தூரம்" வேறு, "மூன்றாம் விநாடியில் கடந்த தூரம்" வேறு. ஒரு "ஆம்" தான் வித்தியாசம். மூன்று விநாடியில் என்றால் மொத்தப் பயணம்: மேலே 5, கீழே 20, ஆக 25 மீட்டர். மூன்றாம் விநாடியில் என்றால் ந = 2-க்கும் ந = 3-க்கும் நடுவில் நடந்தது மட்டும்: 15 மீட்டரிலிருந்து 0-க்கு, 15 மீட்டர். இடப்பெயர்ச்சி கேட்டால் கீழ்நோக்கி 15. அவசரத்தில் வாசிக்கும்போது இந்த "ஆம்" கண்ணில் படுவதே இல்லை, பென்சிலால் வட்டமிடுங்கள்.

விடை சரி, நிஜத்தில் எறிந்தால் ஒத்துவரவில்லை

இந்தச் சந்தேகத்தோடு வரும் பிள்ளையை எனக்குப் பிடிக்கும். சமன்பாட்டில் காற்று இல்லை. எறிபொருளின் பாதை பரவளையம் என்று 1638-இல் அச்சில் காட்டிய கலிலியோவே காற்றின் தடை பற்றியும் சேர்த்துத்தான் எழுதினார். 7.26 கிலோ இரும்புக் குண்டை அந்தக் காற்று அநேகமாகச் சட்டை செய்யாது. கிரிக்கெட் பந்தைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். டென்னிஸ் பந்து பாடு இன்னும் மோசம்.

சமன்பாடு முழுசாகத் தோற்கும் இடம் பார்க்க வேண்டுமானால் ஷட்டில்காக். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023-இல் அடித்த சாதனை ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர். 3.6-ஆல் வகுத்தால் 157 மீ/வி. அதே வேகத்தில் நேர் மேலே அடித்தால் எவ்வளவு உயரம் போகும் என்று நம் சமன்பாட்டைக் கேளுங்கள்: 157² ÷ 20, அதாவது 1,200 மீட்டருக்கு மேல். உள்ளரங்கக் கூரையை விடுங்கள், ஏற்காட்டு மலையைக் கீழிருந்து மேல்வரை ஏறும் உயரம். நீங்கள் வகுத்ததும் பெருக்கியதும் சரியாகவே இருக்கும். ஆறு மாதம் முன்பு ஒரு பையன் இதைப் போட்டுக் காட்டி, "சார், இதுல எந்த வரி தப்பு?" என்று கேட்டான். முதல் வரிதான். இறகுக்கு ந² போதாது; மீதிக்கு அவன் கல்லூரி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.